பதினோரு பேருக்கு நான் அனுப்பிய உன் அழுகை

தம்பி,

இதைக் காகிதத்தில்தான் எழுதுகிறேன். போனில் தட்டினால் பாதியிலேயே விரல் எங்காவது பட்டு வேறு யாருக்காவது போய்ச் சேர்ந்துவிடுமோ என்று பயம். சிரிக்காதே, முழுக்கப் படித்தால் உனக்கே புரியும். ஞாயிற்றுக்கிழமை பாப்பாவுக்குப் பெயர் வைக்கிறீர்கள். அதற்கு முன்னால் இது உன் கைக்கு வந்துவிட வேண்டும் என்று மூன்று நாளாக எழுதுவதும் கிழிப்பதுமாக இருக்கிறேன். "ரிட்டயர் ஆகி மூணு வருசம் ஆச்சு, இப்ப உக்காந்து லீவ் லெட்டர் எழுதறீங்களா?" என்று உன் அம்மா கேலி செய்தாள். நானும் சிரித்து வைத்தேன். எதை எழுதுகிறேன் என்று அவளிடம் காட்டிக்கொள்ளவில்லை.

போன ஞாயிறு நீயும் மருமகளும் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு திருமுல்லைவாயிலுக்கு வந்தீர்களே, அன்று நீ சொன்னதிலிருந்து தொடங்குகிறேன். சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது சொன்னாய். "அப்பா, பாப்பா போட்டோ எதையும் குரூப்ல போடக் கூடாது. ஸ்டேட்டஸ்லயும் வேணாம். பேர் வைக்கிற அன்னிக்கும் யாரும் வீடியோ எடுக்கக் கூடாதுன்னு சொல்லிடுங்க." உன் அம்மாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. "ஊர்ல இருக்கிறவங்க பேத்தி மூஞ்சியப் பாக்க வேணாமாடா?" என்றாள். அதற்கு நீ, "நேர்ல வந்து பாக்கட்டும்மா. இதுக்குன்னு ஒரு பேரே இருக்கு, ஷேரென்ட்டிங்னு. பெத்தவங்க புள்ளைங்களப் பத்தி எல்லாத்தையும் போட்டுப் போட்டு, அதுங்க வளந்து வர்றப்ப அதுங்களுக்குன்னு ஒண்ணுமே மிச்சம் இருக்காது" என்றாய். பிறகு என் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தி, "எனக்கு நடந்தது இவளுக்கு நடக்கக் கூடாதுப்பா. அன்னிக்கு அந்த பாபு பண்ணினத நான் இன்னும் மறக்கல" என்றாய்.

நான் தலையை ஆட்டினேன். நீ விடவில்லை. "அடுத்த மாசம் இவ ஆபீஸ் போக ஆரம்பிச்சிடுவா. பகல் முழுக்கப் பாப்பா உங்ககிட்டதான் இருக்கப் போறா. உங்கள நம்பித்தான்பா விடறோம்" என்று என் தோளைத் தட்டிவிட்டுப் போனாய். அந்தத் தோள் இன்னும் கனக்கிறது.

நீங்கள் கிளம்பிப் போன பிறகு அந்தச் சொல்லைத் தேடிப் பார்த்தேன். ஷேர் என்பதையும் பேரன்ட்டிங் என்பதையும் ஒட்டிச் செய்த சொல்லாம். வெல்டிங் வைத்தே வாழ்ந்தவனுக்கு இது புரியாதா என்ன? இரண்டு தகடுகளை ஒட்டுவதற்கு முன்னால் சேர்கிற ஓரத்தைக் கொஞ்சம் தேய்த்து எடுப்போம். இதிலும் பேரன்ட்டிங்கின் முன்பக்கத்தைத் தேய்த்து எடுத்துவிட்டுத்தான் ஷேரை வைத்து ஒட்டியிருக்கிறார்கள். போகிப் பண்டிகைக் காலையில் அம்பத்தூர்ப் பக்கம் பஸ்ஸே தெரியாதபடி புகையும் பனியும் கலந்து நிற்குமே, அதற்குச் சொல்லும் ஸ்மாக்கூட இப்படி ஒட்டியதுதானாம். மருமகள் சனிக்கிழமை பத்து மணிக்கு எழுந்து, காலைக்கும் மதியத்துக்கும் சேர்த்துச் சாப்பிடும் 'பிரஞ்ச்' என்பதும் அப்படித்தான். பயத்தோடு தேட ஆரம்பித்தவன், இதையெல்லாம் படித்துக்கொண்டே கொஞ்ச நேரம் அதை மறந்துகூடப் போனேன்.

அப்புறம் இன்னும் கொஞ்சம் கீழே போனேன். முதலில் அந்தச் சொல் இன்னும் நீளமாக இருந்ததாம். 'ஓவர்' என்று ஒரு துண்டும் முன்னால் இருந்திருக்கிறது, அளவுக்கு மீறிப் பகிர்கிற பெற்றோர் என்று அர்த்தம் வரும்படி. அமெரிக்காவில் ஏதோ செய்தித்தாளில் ஒருவர் எழுதினாராம். சொல்லச் சொல்ல அந்த ஓவர் உதிர்ந்துவிட்டது, மிச்சம்தான் நிலைத்து இன்று அகராதி வரைக்கும் போயிருக்கிறது. அது உதிர்ந்ததைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. எது அளவுக்கு மீறியது என்று சொல்கிற பகுதிதானே காணாமல் போனது? அந்த மனிதர் அதை எழுதிய காலத்தையும் பார்த்தேன். நீ எட்டாம் வகுப்புப் படித்த சமயம். அவர் அங்கே அதற்குப் பெயர் வைத்துக்கொண்டிருந்த நாட்களில் நான் இங்கே ஆவடி குவார்ட்டர்ஸில் உட்கார்ந்து அதையே செய்துகொண்டிருந்தேன். பெயர் தெரியாத தப்பு என்பதால் அது தப்பே இல்லை என்று இத்தனை வருடம் என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன்.

புரிந்திருக்கும். ஆனாலும் முழுதாக எழுதிவிடுகிறேன். பாதியில் நிறுத்தினால் மறுபடியும் கோழையாகிவிடுவேன்.

என் வேலை எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரியும். தெரியாது என்றும் சொல்லலாம், ஏனென்றால் நான் சொன்னதே இல்லை. காலையில் சங்கு ஊதுவதற்குள் ராணுவ டேங்க் ஃபேக்டரி கேட்டுக்குப் போய், போனை ஒப்படைத்து, அடையாள வில்லை வாங்கிக்கொண்டு உள்ளே போக வேண்டும். உள்ளே என்ன செய்கிறோம், எத்தனை செய்கிறோம், எது எங்கே போகிறது என்று வெளியே ஒரு வார்த்தை பேசக் கூடாது. சேர்ந்த அன்றே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தோம். ஊருக்குப் போனால் என் தம்பி தன் கடையைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவான். மைத்துனன் தன் பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேசுவான். "நீங்க என்ன பண்றீங்க மாமா?" என்று கேட்டால் நான் "வெல்டிங்" என்று சொல்லிவிட்டு மோர்க்குழம்பைப் பார்த்துக்கொண்டிருப்பேன். முப்பத்திரண்டு வருடம் கைவசம் ஒரு கதையும் இல்லாத ஆளாக இருந்தேன். நான் வெளியே காட்டிக்கொள்ள இருந்ததெல்லாம் நீ மட்டும்தான். நீ பல் விழுந்து சிரித்தது, நீ மாறுவேடப் போட்டியில் வசனம் மறந்தது, எல்லாவற்றையும் நான் ஊருக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். இது சாக்கு இல்லை. நாட்டின் ரகசியத்தைக் காப்பாற்றத் தெரிந்தவனுக்குப் பெற்ற பிள்ளையின் அழுகையைக் காப்பாற்றத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

அந்த நாள் உனக்கு ஞாபகம் இருக்கும். அரையாண்டுத் தேர்வில் கணக்கில் பத்தொன்பது வாங்கிக்கொண்டு வந்தாய். நான் கையை ஓங்கினேன். அடிக்கவில்லை, ஓங்கினேன். நீ கட்டிலின் மூலைக்குப் போய் ஒண்டிக்கொண்டு மூக்கு ஒழுக ஒழுக அழுதாய். "அடிக்காதப்பா, எனக்குப் படிப்பு வரலப்பா. என்னைய ஃபேக்டரிலயே சேத்து விட்டுடுப்பா. டேங்க்கத் தொடச்சிட்டு ஓரமா உக்காந்துக்கறேன். ஒரு நாளைக்கு ஒரு டேங்க்கு. நல்லாத் தொடப்பேன்பா" என்றாய். ஆயுத பூஜைக்குக் குடும்பத்தோடு எங்களை உள்ளே விடுவார்களே, அப்போது பொட்டு வைத்து மாலை போட்டு நிறுத்தியிருந்த டேங்க்கைப் பார்த்தவன் நீ. அது உன் மனதில் அப்படிப் பதிந்திருக்கிறது. எனக்குக் கோபம் போய்ச் சிரிப்பு வந்துவிட்டது. பாவமாகவும் இருந்தது. அந்த நேரத்தில் ஒரு தகப்பன் என்ன செய்திருக்க வேண்டும்? கட்டிலில் ஏறி உன் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். நான் போனை எடுத்தேன். "இன்னொரு தடவ சொல்லு, என்ன தொடைப்ப?" என்று உன்னை மறுபடி அழவிட்டு எடுத்தேன்.

எங்கள் ஷாப்பில் வேலை செய்த பதினோரு பேரும் நானும் சேர்ந்து அப்போதுதான் வாட்ஸ்அப்பில் ஒரு குழு ஆரம்பித்திருந்தோம். அதில் போட்டேன். "நம்ம ஷாப்புக்குப் புது ஆள் ரெடி" என்று ஒரு வரியும் எழுதினேன். வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள் வந்தன. அவ்வளவு பேர் ஒன்றாகச் சேர்ந்து என்னைப் பாராட்டியது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

பாபு அதற்கு அப்புறம்தான் வந்தான். கீழ்வீட்டு டிரைவர் அண்ணன் மகன், சொந்த ஊர் பூந்தமல்லி, ஒன்றாம் வகுப்பிலிருந்து உன் கூடவே திரிந்தவன். உன்னைக் கிரிக்கெட்டுக்குக் கூப்பிட வந்தவன், நீ முகம் கழுவிக்கொண்டு வரும் வரைக்கும் என் போனில் பைக் ஓட்டும் விளையாட்டை ஆடிக்கொண்டிருந்தான். நீ அதைப் பார்த்தாய். அவன் பண்ணியதாக நீ நினைத்ததற்கு ஆதாரம் அது ஒன்றுதான்.

மூன்றாவது நாள் அது உன் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டது. யாரோ அதற்குச் சாவு மேளம் போட்டுச் சேர்த்திருந்தார்கள். சட்டைப் பை கிழிந்து நீ வீட்டுக்கு வந்தாய். பிரேயரில் நிற்கும்போதே "டேங்க்கு, டேங்க்கு" என்று கூப்பிட்டார்கள் என்று சொன்னாய். பெரிய வகுப்புப் பையன்கள் கர்ச்சீப்பைக் கொடுத்து "தொடைடா" என்றார்களாம். நீ அழவில்லை. அதுதான் எனக்கு முதலில் பயத்தைக் கொடுத்தது. சுவரைப் பார்த்துக்கொண்டே, "பாபுதான்பா அனுப்பியிருக்கான். அவன்கிட்டதான அன்னிக்கு உங்க போன் இருந்திச்சு?" என்று கேட்டாய்.

நான் "இருக்கும்" என்றேன்.

ஒரு சொல்தான். யோசித்துச் சொல்லவில்லை. உன் முகத்தைப் பார்த்தேன், நான்தான் என்று சொன்னால் இந்த முகம் இனி என் பக்கம் திரும்பாது என்று தோன்றியது, வாயில் வந்துவிட்டது. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். ஆனால் நாளைக்குள் உன் அம்மா கீழே போய்ச் சத்தம் போட்டுவிட்டாள். டிரைவர் அண்ணன் மானஸ்தர், கோபக்காரர். பாபுவின் சட்டையைப் பிடித்துப் படிக்கட்டில் இழுத்துக்கொண்டு நம் வாசலுக்கு வந்தார். பெல்ட்டால் அடித்தார். நீ உள்ளே அறையில் கதவைச் சாத்திக்கொண்டிருந்தாய், அதனால் மீதியை நீ பார்க்கவில்லை. பாபு அடி வாங்கிக்கொண்டே, "நான் அனுப்பல நைனா. அங்கிள் தான் அனுப்பிச்சாரு. நான் பாத்தேன் நைனா" என்று கத்தினான். அதற்கு இன்னும் இரண்டு அடி விழுந்தது, பெரியவர் மேல் பழி போடுகிறாயா என்று. அவன் என்னைப் பார்த்தான். "அங்கிள், நீங்களே சொல்லுங்க அங்கிள்" என்றான்.

நான் சொல்லவில்லை. "போதும் அண்ணே, விடுங்க, சின்னப் பையன்" என்று மன்னிக்கிற மாதிரி பேசினேன். என் வாழ்நாளில் நான் செய்த மிகக் கேவலமான காரியம் அந்த மன்னிப்புதான். அந்த மாதமே அவனைப் பூந்தமல்லியில் மாமன் வீட்டுக்கு அனுப்பி வேறு பள்ளியில் போட்டார்கள். அவன் பத்தாவதுக்கு மேல் படிக்கவில்லை. எங்கள் குழுவில் இருந்தவர்களும், நான் போட்டதைப் பாபுதான் என் போனிலிருந்து எடுத்து வெளியே அனுப்பினான் என்று நம்பிவிட்டார்கள்.

அடுத்த வாரம் நீ காணாமல் போனாய். நீ இதை என்னோடு பேசியதில்லை, நானும் பேசியதில்லை. நாலு மணிக்கு வர வேண்டியவன் ஐந்தரை வரைக்கும் வரவில்லை. உன் அம்மா குவார்ட்டர்ஸ் முழுக்க ஓடினாள். நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஸ்டேஷன் ஸ்டேஷனாகப் போனேன். ஏன் ஸ்டேஷனுக்குப் போனேன் என்று கேட்காதே. கால் அங்கேதான் போனது. இந்தத் திருமுல்லைவாயில் பிளாட்பாரத்தின் கடைசியில், கூரை முடிந்த பிறகு இருக்கிற பெஞ்சில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். நான் படியிறங்கி உன்னிடம் வந்து சேர்வதற்குள் நிற்காத வண்டி ஒன்று கடந்து போனது. அது போய் முடிகிற வரைக்கும் அந்தப் பக்கம் நீ இருக்கிறாயா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. தம்பி, அந்த நேரத்தை நான் இன்னும் தாண்டி வரவில்லை. இன்றைக்கும் இந்த வீட்டில் இருந்தபடி ரயில் சத்தம் கேட்டால் கையில் இருக்கும் காரியத்தை நிறுத்திவிடுவேன். காது கேட்கவில்லையோ என்று உன் அம்மா நினைக்கிறாள்.

வண்டி போனதும் நீ இருந்தாய். "இங்கயே இருந்துடறேன்பா, இங்க யாருக்கும் என்னைத் தெரியாது" என்றாய். நான் உன்னைக் கட்டிப் பிடித்தபோது இரண்டு காலேஜ் பையன்கள் நம்மைத் தாண்டிப் போனார்கள். ஒருவன் திரும்பிப் பார்த்து, "டேய், அந்த டேங்க்குப் பையன்டா" என்றான். உன் உடம்பு என் கைக்குள் விறைத்துப் போனதை உணர்ந்தேன். பதினோரு பேருக்குத்தானே அனுப்பினேன் என்று அதுவரைக்கும் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

பிறகு உன்னை அம்பத்தூரில் வேறு பள்ளியில் சேர்த்தோம். நீ மெல்ல மெல்ல மீண்டாய், படித்தாய், வேலைக்குப் போனாய், உனக்குப் பிடித்த பெண்ணைக் கட்டினாய். நல்லது நடக்க நடக்க எனக்குச் சொல்வது கஷ்டமாகிக்கொண்டே போனது. சொல்லாமல் விட்ட ஒவ்வொரு வருடமும் அந்தப் பொய்க்கு ஒரு கோட் பெயிண்ட் அடித்த மாதிரி ஆயிற்று. டிரைவர் அண்ணன் இரண்டு வருடம் முன்னால் இறந்தார். நசரத்பேட்டையில் வீடு. நான் போய் மாலை போட்டேன். தலைமாட்டில் பாபு நின்றான். எனக்குக் கை கொடுத்தான். தன் மகன் துரோகி, பொய்யன் என்று நம்பியபடியே அந்த மனிதர் போய்ச் சேர்ந்தார். நான் டீ குடித்துவிட்டு 65பி பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தேன்.

இவ்வளவு காலம் சொல்லாதவன் இப்போது மட்டும் ஏன் சொல்கிறான் என்று உனக்குத் தோன்றும். செவ்வாய்க்கிழமை நடந்ததைக் கேள். அன்று பகலில் மருமகள் டாக்டரைப் பார்க்கப் போகையில் பாப்பாவை எங்களிடம் விட்டுப் போனாள் அல்லவா? உன் அம்மா குளிக்கப் போயிருந்தாள். பாப்பா என் முகத்தைப் பார்த்துத் தும்மியது. தும்மிவிட்டுத் தன் தும்மலுக்கே பயந்து உதட்டைப் பிதுக்கி அழ ஆரம்பித்தது. அப்படியே நீ. அந்தக் கட்டில் மூலையில் பார்த்த அதே உதடு. நான் போனை எடுத்தேன், ஏழு விநாடி எடுத்தேன், அதே குழுவில் போட்டுவிட்டேன். நீ சொல்லி இரண்டு நாள்கூட ஆகவில்லை. அந்தச் சொல்லின் பிறப்பு வளர்ப்பெல்லாம் படித்து முடித்திருந்தேன். கை அதுபாட்டுக்குச் செய்தது.

ஒரு நிமிடத்தில் சுரணை வந்து எல்லோர் போனிலிருந்தும் போகும்படி அழித்தேன். அதற்குள் நாலு பேர் இறக்கிப் பார்த்திருந்தார்கள். ஒருவர் "தாத்தா மாதிரியே அழுவுது" என்று எழுதியிருந்தார். நாலு பேருக்கும் தனித்தனியாகப் போன் செய்து கெஞ்சினேன். அழித்துவிட்டோம் என்று சத்தியம் செய்தார்கள். நல்ல மனிதர்கள்தான், செய்திருப்பார்கள். ஆனால் முன்பும் அவர்கள் நல்ல மனிதர்கள்தான். பாப்பாவுக்குப் பதின்மூன்று வயதாகும்போது அந்த ஏழு விநாடி யார் கையில், எந்த மேளத்தோடு இருக்கும் என்று எனக்குத் தெரியாது. என்னைப் பார்த்தே எனக்குப் பயமாக இருக்கிறது, தம்பி. அதனால்தான் சொல்கிறேன். பகல் முழுக்கப் பாப்பாவை யாரிடம் விடப் போகிறாய் என்று தெரிந்துகொண்டு முடிவு செய். விட்டாலும் என் போனை நீ வாங்கி வைத்துக்கொள். கேட்டில் ஒப்படைத்துப் பழகியவன்தான், எனக்கு அவமானம் இல்லை.

மறுநாள் பாபுவைத் தேடிப் போனேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் கார் உதிரிபாகம் செய்கிற சின்னக் கம்பெனி ஒன்றில் மெஷின் ஓட்டுகிறான். பதினொரு மணி டீக்கு வெளியே வந்தவன் என்னைப் பார்த்ததும், "இன்னா அங்கிள், இவ்ளோ தூரம்? வூட்ல எல்லாம் நல்லாக் கீறாங்களா?" என்று கேட்டான். டீக்கடை ஓரமாக நின்று எல்லாவற்றையும் சொன்னேன். டீயில் ஆடை கட்டிவிட்டது. அவன் குடிக்கவில்லை.

"இத நீங்க எனக்குச் சொல்றீங்களா அங்கிள்? எனக்கு அன்னிக்கே தெரியும். நான் கேம் ஆடிகினு இருக்கச் சொல்லோ மேல மெசேஜா வந்துகினே இருந்திச்சி. சிரிப்புப் பொம்ம. தொறந்து பாத்தேன்" என்றான். பிறகு, "படிக்கட்டுல சொன்னேன்ல. உங்க மூஞ்சியப் பாத்துத்தான சொன்னேன்" என்றான். குரலை உயர்த்தவே இல்லை.

அவனுக்கு நான் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன். டீயைத் தரையில் ஊற்றிவிட்டுக் கிளாஸை வைத்தான். "நைனா இருந்தா அவராண்ட சொல்லுன்னு சொல்லியிருப்பேன். அவரு போய்ச் சேந்துட்டாரு. அந்த குரூப்பு இன்னும் கீதுல்ல? அதுல போட்டுடு அங்கிள். நைனா சாவுக்கு அவங்கல்லாம் வந்துகினு, 'இவன்தான் அந்த வீடியோ பையன்'னு பேசிகினாங்க. என் பொண்டாட்டி காதுல உழுந்து, இன்னா வீடியோன்னு கேட்டா. நான் இன்னான்னு சொல்றது?" என்றான். கம்பெனி மணி அடித்தது. போகிறவன் நின்று, "உங்க மேலகூட எனக்கு ஆறிப்போச்சு அங்கிள். அவன் என் ஃப்ரெண்டு. ஒரு வார்த்த என்னாண்ட கேக்கலயே, 'நீயாடா பண்ண'ன்னு. அதான் இன்னும் ஆறல" என்றான்.

வீட்டுக்கு வந்து குழுவில் போட எழுதினேன். போடப் போகும்போதுதான் நிறுத்தினேன். பாபு பண்ணவில்லை என்று சொல்ல வேண்டுமானால் எந்த வீடியோ என்று சொல்ல வேண்டும். அந்தக் குழுவில் இப்போது புது ஆட்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், கேட்பார்கள். யாராவது பழைய போனைத் தோண்டி அதை எடுத்து மறுபடி போட்டாலும் போடுவார்கள். மருமகளிடம் நீ இதைச் சொல்லியிருக்கிறாயா, அதுகூட எனக்குத் தெரியாது. அன்றைக்கும் அது உன் அழுகை, உன்னைக் கேட்காமல் அனுப்பினேன். இன்றைக்கு நல்லது செய்கிறேன் என்று அதையே இரண்டாம் தடவை செய்ய இருந்தேன். போடாமல் விட்டால் பாபுவுக்குத் துரோகம், போட்டால் உனக்கு. எது சரி என்று எனக்குத் தெரியவில்லை.

நேற்று உன் அம்மாவிடம் சொன்னேன். அன்று கீழே போய்ச் சத்தம் போட்டவள் அவள் அல்லவா? மதியம் சோறு போட்டாள், தட்டை எடுத்தாள். அதிலிருந்து என்னிடம் பேசவில்லை. நீ என்ன செய்வாய் என்று அதைப் பார்த்துத்தான் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

உனக்குப் புத்தி சொல்ல எனக்கு அருகதை இல்லை, ஆனாலும் தகப்பனாகிவிட்டாய், ஒன்று சொல்கிறேன். பாப்பா உன் முன்னால் அழும்போது உன் கை காலியாக இருக்கட்டும். தப்பு செய்துவிட்டால் அன்றைக்கே சொல்லிவிடு, நாளைக்கு என்று தள்ளாதே, நாளைக்குள் வேறு யாராவது அடி வாங்கிவிடுவார்கள். எனக்குப் பதில் சொல்லும் முன்னால் பாபுவைப் போய்ப் பார். அவன் பதினொரு மணிக்கு டீக்கு வெளியே வருவான். ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டால் வருவேன். கூப்பிடாவிட்டால் உன் அம்மாவை மட்டும் பஸ் ஏற்றி அனுப்புகிறேன். பாப்பாவை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுகிறீர்கள் என்று அவள் வந்து சொல்வாள், பேசினால்.

குழுவில் போட எழுதி வைத்தது இதுதான். உன் பெயர் இதில் இல்லை. எந்தச் சொல் வேண்டாமோ அடித்துவிடு, மொத்தமும் வேண்டாம் என்றால் கிழித்துப் போடு, பாபுவிடம் போய் நானே சொல்லிக்கொள்கிறேன்.

"ரொம்ப வருடம் முன்னால் இந்தக் குழுவிலிருந்து ஒரு பையனின் வீடியோ வெளியே போனது. அதை எடுத்ததும் போட்டதும் நான். அதை வெளியே அனுப்பியது டிரைவர் அண்ணன் மகன் பாபு அல்ல. அவன் அதற்காக அடி வாங்கியபோது நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்."

போடலாமா, தம்பி?

அப்பா